உங்க எம்.பி. கட்சி சொன்னபடிதான் ஓட்டு போட்டாரா? நீங்களே உக்காந்து சரிபாக்குறது எப்படி

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர்ல சாமி கும்பிட்டுட்டு கீழ இறங்கி வந்து நின்னு பேசிக்கிட்டிருந்தோம். எங்க மாடி வீட்டு அண்ணன் ஆரம்பிச்சாரு, "உங்க தேனி எம்.பி.யா இருந்த அதிமுக ரவீந்திரநாத் அப்ப முத்தலாக் மசோதாவுல கட்சிக்கே எதிரா போனாருல்ல"ன்னு. நான் தேனிக்காரன், விடுவேனா, "கட்சி சொல்லாமயா போயிருப்பாரு"ன்னு நானும் பதிலுக்குப் பேச, மயூர் விஹார் வந்து சேர்ற வரைக்கும் மெட்ரோல அதே சண்டை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து தேடுனப்பதான் தெரிஞ்சது, ரெண்டு பேரு சொன்னதும் பாதி பாதி சரி, அதை முழுசா சரிபாக்கவே ஒரு முறை வேணும்னு. அந்த முறையத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல கொறடா சமாச்சாரம்

அமெரிக்காவுல ஒரு செனட்டர் கட்சியோட எத்தனை சதவீதம் ஒத்துப்போறாருன்னு கணக்கு போடுவாங்கல்ல, அதை அப்படியே இங்க கொண்டுவந்தா வேலைக்கு ஆகாது. காரணம் 1985ல ராஜீவ் காந்தி காலத்துல வந்த 52வது திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அரசியலமைப்போட பத்தாவது அட்டவணை. கட்சி கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் ஓட்டு போடணும்ங்கற கட்டளை, போட்டா அதுக்கு எதிரா ஓட்டு போட்டாலும் பதவி போகலாம், அனுமதி வாங்காம ஓட்டு போடாம இருந்தாலும் போகலாம். கட்சி 15 நாளுக்குள்ள மன்னிச்சு விட்டுட்டா தப்பிச்சாரு. முன்னாடி மூணுல ஒரு பங்கு எம்.பி.ங்க பிரிஞ்சா தப்பிக்க ஒரு வழி இருந்துச்சு, 2003ல 91வது திருத்தத்துல அதையும் அடைச்சாச்சு. இப்ப மூணுல ரெண்டு பங்கு பேரு வேற கட்சியோட இணையுறது மட்டும்தான் பாக்கி.

1992ல கிஹோட்டோ ஹோலோஹான் வழக்குல சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிட்டு, அதோட கொறடாவை ஆட்சி நிலைக்குமாங்கற மாதிரி ஓட்டெடுப்புக்கும் முக்கியமான கொள்கை விஷயத்துக்கும் மட்டும் வெச்சுக்கணும்னும் சொல்லுச்சு. நடைமுறையில எந்தக் கட்சியும் அப்படி வெச்சுக்கல, கொஞ்சம் சூடான மசோதான்னாலே மூணு வரி கொறடா, அதாவது ரொம்பக் கண்டிப்பான உத்தரவு, வந்துருது.

அதனால கட்சிக்கு நேர் எதிரா ஓட்டுங்கறது இங்க அத்திப்பூ மாதிரி. 1999 ஏப்ரல் 17ல வாஜ்பாய் அரசு 269க்கு 270ன்னு ஒரே ஓட்டுல கவுந்துச்சே, அதுல தேசிய மாநாட்டுக் கட்சி அரசுக்கு ஆதரவுன்னு முடிவெடுத்திருந்தப்ப சைஃபுதீன் சோஸ் எதிர்த்துப் போட்டாரு, கட்சி அவரை நீக்கிட்டாங்க. அந்த மாதிரி ஆளுங்களை மட்டும் தேடிக்கிட்டிருந்தா நாம கணக்கு போடுற ஷீட்டு காலியாத்தான் இருக்கும். நம்ம ஊர்ல தேட வேண்டியது வேற: யாரு வரல, யாரு வெளிநடப்பு பண்ணுனாங்க, யாரு நடுநிலைன்னு மஞ்ச பட்டனை அமுக்குனாங்க, யாரு பேச்சுல ஒண்ணும் ஓட்டுல ஒண்ணுமா இருந்தாங்க. கருத்து வேறுபாடு இங்க அந்த இடுக்குலதான் ஒளிஞ்சிருக்கும்.

அந்த மசோதாவுக்கு ஓட்டுப் பதிவு இருக்கான்னு பாருங்க

இதைப் பாக்காம ஆரம்பிச்சுத்தான் நான் ஒரு நாள் முழுக்க வேஸ்ட் பண்ணுனேன். பார்லிமெண்ட்ல பெரும்பாலான மசோதா குரல் வாக்கெடுப்புலதான் போகும். ஆமாங்கறவங்க ஆமான்னு கத்துவாங்க, இல்லைங்கறவங்க இல்லைன்னு கத்துவாங்க, சபாநாயகர் காதால கேட்டு முடிவு சொல்லிருவாரு. யாரு எந்தப் பக்கம் கத்துனாங்கன்னு எங்கயும் இருக்காது. 2020 செப்டம்பர் 20ல ராஜ்யசபாவுல வேளாண் மசோதாக்கள் போனது அப்படித்தான். எதிர்க்கட்சிங்க டிவிஷன், அதாவது எண்ணி எடுக்குற ஓட்டெடுப்பு, கேட்டு ரகளை ஆகி, மறுநாள் எட்டு எம்.பி.ங்களை சஸ்பெண்ட் பண்ணுனாங்க, ஆனா பேரு பேரா ஓட்டுக் கணக்கு கிடையாது. அதனால "அந்த எம்.பி. வேளாண் சட்டத்துக்கு ராஜ்யசபாவுல ஓட்டு போட்டாரு"ன்னு யாராவது சொன்னா பேச்சை வெச்சுச் சொல்லுறாங்க, அவ்வளவுதான்.

யாராவது ஒரு எம்.பி. விடாப்பிடியா டிவிஷன் கேட்டாத்தான் மணி அடிப்பாங்க, மூணரை நிமிஷம், அப்புறம் கதவைச் சாத்திட்டு பட்டன். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. இதுலயும் ஒரு கொக்கி இருக்கு, லோக்சபாவுல தேவையில்லாம டிவிஷன் கேக்குறாங்கன்னு சபாநாயகருக்குத் தோணுச்சுன்னா எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லி தலைய எண்ணிட்டு முடிச்சுக்கலாம், அப்ப பேரு பதிவாகாது.

ஒரே மசோதா ஒரு சபையில குரலாவும் இன்னொரு சபையில டிவிஷனாவும் போகும். நம்ம டெல்லி சம்பந்தப்பட்டதையே எடுத்துக்குங்க, 2023 ஆகஸ்ட்ல அதிகாரிகள் நியமனம் யாரு கையிலங்கற டெல்லி சேவைகள் மசோதா. லோக்சபாவுல குரல் வாக்கெடுப்பு, ராஜ்யசபாவுல 131க்கு 102ன்னு எண்ணி எடுத்த ஓட்டு. நீங்க டெல்லியில லோக்சபாவுக்கு ஓட்டு போடுற ஆளுன்னா இந்த மசோதாவுல உங்க எம்.பி.யை ஒண்ணும் பரிசோதிக்க முடியாது, ஏழு பேருல ஒருத்தரையும் முடியாது.

புதுசா ஆரம்பிக்கிறவங்க அரசியலமைப்புத் திருத்த மசோதாவுல இருந்து ஆரம்பிங்க. மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேலயும், வந்து ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டும் வேணும்ங்கறதால அதுக்கு எண்ணித்தான் ஆகணும், குரல்ல முடிக்க முடியாது. 2019 ஜனவரியில பொருளாதார ரீதியா பின்தங்கியவங்களுக்கு 10 சதவீதம் இடஒதுக்கீடு, லோக்சபா 323க்கு 3, ராஜ்யசபா 165க்கு 7. 2023 செப்டம்பர்ல மகளிர் இடஒதுக்கீடு, லோக்சபா 454க்கு 2, அந்த ரெண்டு பேரும் ஒவைசி கட்சி. இதுக்கெல்லாம் பேரோட லிஸ்ட் இருக்கு.

லிஸ்ட் எங்க கிடைக்கும்

சன்சத் டாட் இன் தளத்துல லோக்சபா, ராஜ்யசபா ரெண்டுக்கும் தனித்தனி பக்கம் இருக்கு. விவாதங்கள் பகுதிக்குப் போயி தேதியைப் போட்டு அந்த நாளோட முழு பதிவையும் இறக்கிக்குங்க. அதுக்கு முன்னாடி எந்தத் தேதின்னு தெரியணும், அதுக்கு பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்சோட மசோதா பக்கம் வசதி, எப்ப அறிமுகம் எப்ப நிறைவேறுச்சுன்னு வரிசையா போட்டிருப்பாங்க. அவங்க எம்.பி. பக்கத்துல வருகை, கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா எல்லாம் இருக்கும், ஆனா அதைப் பாத்துட்டு ஓட்டுப் பதிவும் பாத்துட்டோம்னு நினைச்சுக்காதீங்க, வருகைங்கறது அன்னைக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டாருங்கறது மட்டும்தான். காலையில கையெழுத்து போட்டுட்டு ராத்திரி ஓட்டெடுப்புக்கு ஆளே இல்லாம போறது சகஜம். மந்திரிங்களுக்கு அந்த ரிஜிஸ்டரே கிடையாது.

இறக்குன பிடிஎஃப்புல மசோதா முடியுற இடத்துக்கு, அதாவது பின்னாடி பக்கங்களுக்குப் போங்க. ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலைன்னு தலைப்பு போட்டு பேரு அகர வரிசையில வரும். ஒரே மசோதாவுக்கு நாலஞ்சு டிவிஷன் இருக்கலாம், தேர்வுக் குழுவுக்கு அனுப்பணும்ங்கற தீர்மானத்துக்கு ஒண்ணு, ஒவ்வொரு திருத்தத்துக்கு ஒண்ணு, கடைசியா மசோதா நிறைவேத்துறதுக்கு ஒண்ணு. எதைப் பாக்குறோம்னு தெளிவா குறிச்சுக்குங்க, ஏன்னா திருத்தத்துக்கு "ஆமா"ன்னு போட்டவரு மசோதாவை எதிர்க்கிறவரா இருக்கலாம், தலைகீழா புரிஞ்சுக்க ரொம்ப ஈஸி.

இப்ப நான் மூக்குடைபட்ட கதை. ஒரு டிவிஷன்ல ஒரு எம்.பி. பேரு ஆதரவு லிஸ்ட்ல இல்ல, உடனே எங்க அபார்ட்மெண்ட் தமிழ் குரூப்புல "பாருங்க, ஆளு நழுவிட்டாரு"ன்னு போட்டுட்டேன். அரை மணி நேரம் கழிச்சு ஒரு ரிட்டயர்டு சார், பக்கத்தோட கடைசியில பொடி எழுத்துல இருக்குற குறிப்பைப் படம் புடிச்சு அனுப்புனாரு. அந்த எம்.பி. சீட்டு மூலமா ஓட்டு போட்டிருக்காரு! மெஷின் வேலை செய்யலைன்னாலோ, தப்பான பட்டனை அமுக்கிட்டாலோ, உக்காருற இடத்துக்கு நம்பர் ஒதுக்கலைன்னாலோ, காகிதச் சீட்டு எழுதிக் குடுப்பாங்க, அந்தப் பேரெல்லாம் அடிக்குறிப்புலதான் வரும். இது ஒண்ணு ரெண்டு ஓட்டு விவகாரம்னு நினைக்காதீங்க. 2024 டிசம்பர் 17ல ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா அறிமுகத்துக்கு புது கட்டடத்துல முதல் தடவையா மெஷின் ஓட்டு நடந்துச்சு, மெஷின் காட்டுனது 220க்கு 149, சீட்டெல்லாம் சேத்த பிறகு 269க்கு 198. 98 ஓட்டு அடிக்குறிப்புல! சபாநாயகரே "திருத்தத்துக்கு உட்பட்டு"ன்னு சொல்லித்தான் முடிவை வாசிப்பாரு, டிவியில பாத்த நம்பரும் பேப்பர்ல வந்த நம்பரும் மாறுறது அதனாலதான்.

கட்சியோட நிலைப்பாடுன்னா எது?

கேக்க சுலபமா இருக்கும், உக்காந்து பாத்தா இதுதான் ரொம்ப சிக்கலான படி. மூணு அளவுகோல் இருக்கு, மூணும் ஒண்ணு கிடையாது. ஒண்ணு கொறடா உத்தரவு, சட்டப்படி கட்டுப்படுத்துறது அதுதான், ஆனா அது கட்சிக்குள்ள போற கடிதம், பேப்பர்ல செய்தியா வந்தாத்தான் நமக்குத் தெரியும். ரெண்டாவது தேர்தல் அறிக்கை, தலைவர் அறிக்கை, சபையில கட்சி சார்பா பேசுனவரோட பேச்சு. மூணாவது அந்தக் கட்சி எம்.பி.ங்கள்ல பெரும்பாலானவங்க எப்படி ஓட்டு போட்டாங்கங்கறது. நான் மூணாவதை அடிப்படையா வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் பக்கத்துல குறிச்சு வெக்கிறேன், ஏன்னா லிஸ்ட்லயே கிடைக்கிறது அது ஒண்ணுதான்.

எங்க சண்டைக்கு வருவோம். 2018 டிசம்பர்ல முத்தலாக் மசோதா வந்தப்ப லோக்சபாவுல அதிமுக அன்வர் ராஜா கடுமையா எதிர்த்துப் பேசுனாரு, கட்சி வெளிநடப்பு பண்ணுச்சு. 2019 தேர்தல்ல அதிமுகவுக்கு லோக்சபாவுல மிஞ்சுனது ஒரே ஆளு, தேனி ரவீந்திரநாத் குமார். ஜூலையில மசோதா திரும்பி வந்தப்ப அவரு ஆதரிச்சுப் பேசுனாரு. சில நாள்லயே ராஜ்யசபாவுல அதே அதிமுகவோட நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேச, கட்சி வெளிநடப்பு. இப்ப சொல்லுங்க, கட்சியோட நிலைப்பாடு எது? மூணாவது அளவுகோல் லோக்சபாவுல உடைஞ்சு போகுது, ஏன்னா ஒரே ஆளு கட்சியில பெரும்பான்மையும் அவருதான் சிறுபான்மையும் அவருதான். பழைய நிலைப்பாட்டையும் ராஜ்யசபாவையும் வெச்சுப் பாத்தா மாறித்தான் போனாரு, அண்ணன் சொன்னது சரி. ஆனா அதுக்காக அவரு பதவி போகல, கட்சியோட ஒருங்கிணைப்பாளரா அப்ப இருந்தவரு அவரோட அப்பா ஓபிஎஸ், அந்த மட்டுக்கு நான் சொன்னதும் சும்மா இல்ல.

நிலைப்பாட்டுக்குப் பக்கத்துல தேதி போடாம விட்டுறாதீங்க. 2019 டிசம்பர்ல குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு ராஜ்யசபாவுல அதிமுக ஆதரவா ஓட்டு போட்டுச்சு, 2021 சட்டசபைத் தேர்தல் அறிக்கையில அதே சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம்னு எழுதுனாங்க. 2021 அறிக்கையைக் கையில வெச்சுக்கிட்டு 2019ல போட்ட ஓட்டை "கட்சிக்கு எதிரா"ன்னு எழுதுனா அந்த எம்.பி.ங்களுக்கு அநியாயம். மாறுனது கட்சி.

சில சமயம் நிலைப்பாடே கடைசி நேரத்துல ஆவியாகிரும். 2025 ஏப்ரல்ல வக்ஃபு மசோதாவை எதிர்ப்போம்னு சொல்லிக்கிட்டிருந்த பிஜு ஜனதா தளம், ராஜ்யசபாவுல ஓட்டெடுப்புக்கு முன்னாடி கொறடா கிடையாது, மனசாட்சிப்படி போடுங்கன்னுருச்சு. சஸ்மித் பாத்ரா ஆதரவா போட்டாரு. அவரு கட்சி மீறுனாருன்னு எழுத முடியாது, மீற அங்க ஒண்ணும் மிச்சமில்ல. இந்த மாதிரி டிவிஷனை ஷீட்ல தனி கலர் அடிச்சு வெச்சிருங்க, கணக்குல சேக்காதீங்க.

தமிழ்நாட்டு எம்.பி.ங்களைப் பாக்குறவங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு, சின்னம். 2019ல விசிக ரவிக்குமார் விழுப்புரத்துல, மதிமுக கணேசமூர்த்தி ஈரோட்டுல, பாரிவேந்தர் பெரம்பலூர்ல, கொமதேக சின்ராஜ் நாமக்கல்ல, நாலு பேருமே உதயசூரியன்ல நின்னு ஜெயிச்சவங்க. அந்த சபைக் கணக்குல அவங்க திமுக, அவங்களைக் கட்டுப்படுத்துனது திமுக கொறடாதான். அதே தேர்தல்ல திருமாவளவன் பானைச் சின்னம், அவரு விசிக. அப்ப ஒரே கட்சிக்காரங்க ரெண்டு பேரும் ஷீட்ல ரெண்டு கட்சி வரிசையில உக்காருவாங்க, பாத்து.

ஓட்டைப் பெட்டி பிரிக்கிறது

ஆதரவு எதிர்ப்புன்னு ரெண்டே பெட்டி போட்டா பாதி கதை தொலைஞ்சிரும். நான் ஆறு வெச்சிருக்கேன்: கட்சியோட, கட்சிக்கு எதிரா, நடுநிலைப் பட்டன், வெளிநடப்பு, ஆளே இல்ல, பொருந்தாது. கடைசிப் பெட்டி சபாநாயகருக்கும் பதவி காலியா இருந்த தொகுதிக்கும். சபாநாயகர் ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான் ஓட்டு போடுவாரு.

வெளிநடப்பையும் ஆளில்லாததையும் பிரிக்கிறதுதான் கஷ்டம், ரெண்டுலயுமே லிஸ்ட்ல பேரு இருக்காது. ஆனா விவாதப் பதிவுல நேரத்தைப் போட்டு "இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினர்"னு ஒரு வரி வரும். அதைப் பிடிச்சிட்டீங்கன்னா அது திட்டம் போட்ட வெளிநடப்பு, இல்லைன்னா அந்த நாள் வருகையைப் பாருங்க, ரிஜிஸ்டர்ல இருந்து ஓட்டுல இல்லைன்னா அதுதான் சுவாரசியமான கேஸ், குறிச்சு வெச்சிட்டு காரணம் தேடுங்க. உடம்பு சரியில்லாம இருக்கலாம், வெளிநாட்டுத் தூதுக்குழுவுல போயிருக்கலாம், நிஜமாவே நழுவியும் இருக்கலாம். ஒரே நாடு ஒரே தேர்தல் ஓட்டெடுப்பு அன்னைக்கு பிஜேபி கொறடா போட்டும் அவங்க எம்.பி.ங்க சில பேரு வரலைன்னு செய்தி வந்துச்சு, அதுல யாரு எதுக்கு வரலைங்கறது லிஸ்ட்டைப் பாத்து தெரியாது.

வெளிநடப்பை "எதிர்ப்பு"ன்னு எடுத்துக்குற பழக்கத்தை விட்டுருங்க, கணக்குல அது ஆதரவுக்கு உதவி. சாதாரண மசோதாவுக்கு வந்திருந்து ஓட்டு போட்டவங்கள்ல பாதிக்கு மேல போதும், வெளிய போறவங்க போகப் போக அந்தப் பாதி சின்னதாகும். 2019 ஜூலை 30ல ராஜ்யசபாவுல முத்தலாக் 99க்கு 84ன்னு ஜெயிச்சது, அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் எதிர்ப்புன்னு சொல்லிட்டு வெளிய போனதாலயும்தான். 10 சதவீத மசோதாவுல தம்பிதுரை லோக்சபாவுல எதிர்த்துப் பேசுனாரு, ஓட்டு நேரத்துல அதிமுக வெளிநடப்பு. பேச்சைக் கேட்டா ஒரு கட்சி, லிஸ்ட்டைப் பாத்தா வேற கட்சி. என்னைக் கேட்டா இந்த இடைவெளிதான் மொத்த வேலையோட பலன், கட்சிக்குள்ள எம்.பி. மாறுறதை விட கட்சியே தன் பேச்சுக்கு மாறுறதுதான் நம்ம பதிவுல நிறைய சிக்கும்.

பேச்சைப் படிக்கும்போது ஒண்ணு, தமிழ்ல பேசுனா பதிவுல இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான் இருக்கும், அடிக்குறிப்புல தமிழ்ல பேசுனதுன்னு போட்டிருப்பாங்க. வார்த்தைக்கு வார்த்தை மேற்கோள் வேணும்னா சன்சத் டிவி வீடியோவைத் தேடிக் கேட்டுக்குங்க.

கணக்கு

ஒரு வரிசைக்கு ஒரு டிவிஷன், பக்கத்துல தேதி, மசோதா, எந்த ஓட்டெடுப்பு, கட்சியில பெரும்பாலானவங்க எந்தப் பக்கம், நம்ம ஆளு எந்தப் பெட்டி, கொறடா செய்தி உண்டா, குறிப்பு. சதவீதம் போடும்போது ரெண்டு விதமா போடுங்க. 20 டிவிஷன்ல 14 கட்சியோட, 1 எதிரா, 5 ஆளில்லன்னு வெச்சுக்குங்க. போட்ட ஓட்டுல பாத்தா 15க்கு 14, 93 சதவீதம் விசுவாசி. மொத்தத்துல பாத்தா 20க்கு 14, 70 சதவீதம். எந்த நம்பரைச் சொல்றோமோ அதே ஆளு வேற ஆளா தெரிவாரு, அதனால ஒண்ணை மட்டும் எடுத்துப் பரப்பாதீங்க. அப்படியே அதே கட்சியில இன்னும் நாலஞ்சு பேருக்கும் போட்டுப் பாருங்க, எல்லாரும் அந்த அஞ்சு நாளும் இல்லைன்னா அது கட்சி முடிவு, இவரு மட்டும் இல்லைன்னாத்தான் இவரைப் பத்தி ஏதாவது சொல்லலாம்.

இதெல்லாம் ஷீட்ல சேக்காதீங்க

ராஜ்யசபா தேர்தல்ல எம்.எல்.ஏ. போடுற ஓட்டு சபை ஓட்டு கிடையாது, கட்சி ஏஜென்ட்கிட்ட சீட்டைக் காட்டிட்டுத்தான் போடணும், ஆனா மாத்திப் போட்டா கட்சித் தாவல் சட்டம் பாயாது. 2024 பிப்ரவரி 27ல இமாச்சல்ல காங்கிரஸ் எம்.எல்.ஏ.ங்க ஆறு பேரு பிஜேபிக்கு மாத்திப் போட்டு, 34க்கு 34ன்னு சமமாகி, குலுக்கல்ல அபிஷேக் சிங்வி தோத்தாரு. ரெண்டு நாள்ல அந்த ஆறு பேரு பதவியும் போச்சு, ஆனா மாத்திப் போட்டதுக்காக இல்ல, பட்ஜெட் ஓட்டெடுப்புக்கு கொறடாவை மீறி வராததுக்காக. ஜனாதிபதி, துணை ஜனாதிபதி தேர்தல் ரகசிய ஓட்டு, கொறடாவே போட முடியாது. 2025 செப்டம்பர்ல நம்ம திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணன் 452க்கு 300ன்னு ஜெயிச்சப்ப யாரு மாத்திப் போட்டாங்கன்னு எல்லா டிவியிலயும் பேசுனாங்க, அது கடைசி வரைக்கும் பேச்சுதான்.

சட்டசபைக்கு இதே முறை ஓரளவுக்குத்தான் ஓடும். 2017 பிப்ரவரி 18ல எடப்பாடி நம்பிக்கை வாக்கெடுப்பு 122க்கு 11, பகுதி பகுதியா எந்திரிக்க வெச்சு எண்ணுனாங்க. ஓபிஎஸ் உட்பட எதிரா போட்ட 11 பேருக்கும் பதவி போகல, கவர்னர்கிட்ட கடிதம் குடுத்த டிடிவி பக்கத்து 18 பேருக்குப் போச்சு. தகுதி நீக்க மனுவை முடிவு பண்றது அவைத் தலைவருங்கறதால, "பதவி போகல, அப்ப மீறல"ன்னு மட்டும் எழுதிறாதீங்க.

எங்க மாடி வீட்டு அண்ணன் இப்ப 1999 ஒத்தை ஓட்டு லிஸ்ட்டை முழுசா பாக்கணும்னு புடிச்சுக்கிட்டிருக்காரு. அது பழைய ஸ்கேன், பேரைப் போட்டுத் தேடுனா சிக்காது, பக்கம் பக்கமா கண்ணாலதான் பாக்கணும். 539 பேரு. வர்ற ஞாயிறு அவரு வீட்ல உக்காருறோம், டிபன் அவரு பொறுப்பு.